தேய்வதும் தேறுவதும்

சில ஆண்டுகளுக்கு முன், தமிழ் மன்றக் கூட்டமொன்றில் விரதத்தின் மாண்பு பற்றி யாம் உரை நிகழ்த்தினோம். உண்ணாதிருப்போர் உடல் தன்னைத்தானே புதுப்பித்துத் தேய்ந்த மூட்டையும் தேற்றும் என்பதை நிறுவியமைக்காகவே யப்பானிய அறிஞர் யொஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபெல் பரிசு கிடைத்தது என்றும், அதனை எம் முன்னோர் என்றோ அறிந்திருந்தனர் என்றும் முழங்கினோம். கரவொலி மண்டபத்தை நிறைத்தது.

கூட்டம் கலைந்தபின் உயர்தர வகுப்பு உயிரியல் மாணவன் ஒருவன் தனித்து வந்து, "ஐயா, அவர் ஆராய்ந்தது மதுவக் கலங்களை அல்லவா?" எனப் பணிவுடன் வினவினான். விடையறியாத யாம், புன்னகை ஒன்றாற் சமாளித்து வீடு சென்றோம்.

வீட்டில் எம் அன்னையார் முழங்கால் மூட்டுத் தேய்வால் வருந்தியிருந்தார். எம் வாய்ச்சொல்லை முன்னரே கேட்டிருந்த அவர், வைத்தியர் விதித்த காற்பயிற்சியைக் கைவிட்டு, விரத நாள்களைப் பெருக்கியிருந்தமை அன்றுதான் எமக்குப் புலனாயிற்று. உடல் மெலிந்து, நடை தளர்ந்திருந்தது. "தம்பி, நீ சொன்னபடிதானே செய்கிறேன்" என்றார். அன்றிரவு எமக்கு உறக்கமில்லை.

மறுநாள் அம்மாணவனையே தேடிச் சென்று, அவனிடம் பாடங்கேட்டோம். உயிர்க்கலம் தன்னகத்தே பழுதுற்ற புரதங்களையும் புன்னங்கங்களையும் மென்சவ்வாற் பொதிந்து, இலைசோசோமிற் சேர்த்துச் சிதைத்து, பெற்ற கூறுகளை மீளப் பயன்படுத்துகின்றது. தன்னுண்ணல் எனப் பொருள்படும் பெயரை இதற்கு 1963இல் இட்டவர் கிறித்தியன் டி டுவ். மூட்டின் கசியிழையத்திற்குக் குருதிக்கலன்கள் இல்லை. அதன் கலங்கள் அரிதாகவே பிரிவன. ஆதலின், அகத்துப்புரவே அவற்றுக்கு உய்வு. முதுமையுற்றுத் தேய்ந்த கசியிழையத்தில் இச்செயலுக்குரிய புரதங்கள் குன்றுவதை ஆய்வாளர் 2010இல் வெளியிட்டனர். வளர்ந்தோர் என்பில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு ஆண்டுதோறும் புதிதாகின்றது. ஆயினும் என்பினுட் புதைந்துறையும் கலங்கள் பல்லாண்டு வாழ்வன. அவற்றுக்கும் இத்துப்புரவே துணை.

பட்டினி இச்செயலைத் தூண்டுதல் மதுவத்திற் கண்ட உண்மை. மாந்தரின் தேய்ந்த மூட்டை விரதம் மாற்றும் என்பதோ நிறுவப்பட்டதன்று. மூட்டு அசையும்போதே ஆங்குள்ள பாய்பொருளிலிருந்து கசியிழையம் ஊட்டம் பெறுகின்றது. அத்தகைய அசைவையே யாம் எம் அன்னையாரிடமிருந்து பறித்திருந்தோம்.

அன்னையாரிடம் எம் பிழையைக் கூறினோம். அவர் நகைத்து, "அப்படியானால் சோறு போடு" என்றார். பயிற்சி மீண்டும் தொடங்கிற்று. சில திங்களில் கோவில் வீதிவரை தடியூன்றி நடந்தார். விரதத்தை அவர் விட்டாரல்லர்; அதனை மருந்தென்று கருதுவதை மட்டும் விட்டார்.

அடுத்த மன்றக் கூட்டத்தில், முன்னர் யாம் கூறியது தவறென எழுந்து சொன்னோம். இம்முறை கரவொலி இல்லை. ஆயினும் பின்வரிசையில் அம்மாணவன் தலை நிமிர்ந்து அமர்ந்திருந்தான். களையப்படாத பழுது கலத்திலே குவிவது போல, திருத்தப்படாத சொல் ஆசிரியனிடத்திற் குவிகின்றது. விழாக் காணும் எம் கல்லூரித்தாய், ஆசிரியரைத் திருத்தவல்ல மாணாக்கரை என்றும் ஈன்றெடுப்பாளாக.