வெறுங்கையும் ஒரு முழக் கயிறும்

மானிடவியலாளர் மார்செல் மோஸ் 1934இல் உடல்நுட்பங்கள் குறித்து ஆற்றிய உரையில் மரமேறுதலுக்கும் சில வரிகள் ஒதுக்கியிருக்கிறார். பாறையிலும் மலையிலும் ஓரளவு ஏறத் தெரிந்த தமக்கு மரமேற வராது என்பதை அவர் மறைக்கவில்லை. மரத்தையும் உடலையும் சேர்த்துச் சுற்றும் கச்சையை முதன்மையான கண்டுபிடிப்பாக மதித்தார். தந்திக் கம்பத் தொழிலாளருக்கு அதைக் கற்பிக்க வேண்டும் என்றும் கருதினார். அதே கச்சையை இன்று அமெரிக்க மான் வேட்டையாளரின் இடையில் காணலாம்.

வெண்வால் மானின் பார்வைக்கும் மோப்பத்துக்கும் எட்டாதிருக்க, அவர்கள் 15 முதல் 20 அடி உயரத்தில் பரண் அமைத்து மணிக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அவர்களுள் பலர் முதுகெலும்பு முறிந்து முடங்குவது குண்டடியால் அன்று, வீழ்ச்சியால். அதுவும் அமர்ந்திருக்கையில் நேர்வதைவிட, ஏறும்போதும் இறங்கும்போதும், ஏணியிலிருந்து பரணுக்குக் கால் மாற்றும் அந்த ஒரு கணத்திலும் மிகுதி.

இவ்விடத்தில்தான் சுமை என்னும் கேள்வி வருகிறது. இரு கை, இரு கால் ஆகிய நான்கில் மூன்று எப்போதும் ஏணியைப் பற்றியிருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. தோளில் துப்பாக்கி தொங்கினால் உடலின் எடை பின்னோக்கிச் சாய்கிறது. குழல் கிளையில் சிக்குகிறது. வார் நழுவி முழங்கைக்கு இறங்கும்போது, பற்றியிருந்த கை தன்னையறியாமல் ஏணியை விட்டுவிட்டு அதைப் பிடிக்கப் போகிறது. பொருளைக் காப்பாற்றும் அனிச்சைச் செயல் ஆளைக் கைவிடுகிறது. பனையேறியின் இடுப்பில் தொங்கும் அரிவாள் பெட்டி, கையை வெறுமையாக வைப்பதற்கென்றே பிறந்த வடிவம் என்பதை இங்கு நினைத்துக்கொள்ளலாம்.

வேட்டையாளருக்குச் சொல்லப்படும் தீர்வு எளியது: ஒரு கயிறு. அதன் ஒரு முனை பரணில். மறுமுனை தரையிலுள்ள ஆயுதத்தில். ஆள் முதலில் ஏறி, தன்னை மரத்தோடு பிணைத்துக்கொண்டு அமர்ந்த பின்பே ஆயுதம் மேலே வரும். துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. குழல்வாய் கீழ்நோக்கியிருக்க வேண்டும். விசைக்காப்பு வளையத்தில் ஒருபோதும் முடிச்சிடலாகாது. குறுக்குவில்லானால் நாண் ஏற்றப்படாதிருக்க வேண்டும், அம்புமுனைகள் மூடிய தூணியில் இருக்க வேண்டும். பலரும் தவறவிடும் நுணுக்கம் ஒன்றுண்டு: ஏறுபவருக்கு நேர்கீழே ஆயுதத்தை வைக்கக் கூடாது. விழுந்தால் அதன்மேலேயே விழ நேரும்.

ஆயினும் எல்லாவற்றையும் கயிற்றுக்கு ஒப்படைப்பதும் பிழையே. கைபேசி, ஊதல், சிறு கத்தி ஆகியவை உடலோடு, கைக்கெட்டும் இடத்தில் இருந்தாக வேண்டும். பரணிலிருந்து நழுவியவரை ஹார்னஸ் தாங்கிவிடும். ஆனால் அசைவின்றித் தொங்கும் உடலில் குருதி கால்களில் தேங்கத் தொடங்கும். காலூன்றி நிற்க ஒரு வார் இல்லையெனில் காப்பாற்றிய பட்டையே ஆபத்தாகும். அந்நிலையில் மேலே பையில் இருக்கும் கைபேசியால் பயனில்லை. எதைச் சுமப்பது, எதை இழுத்துக்கொள்வது என்ற இப்பகுப்பு, எடையைப் பற்றியதன்று. விழுந்தபின் எது தேவைப்படும் என்பதைப் பற்றியது.

இவை யாவும் வேட்டை உரிமப் பாடங்களில் எழுதப்பட்டவைதாம். இருந்தும் விடியலுக்கு முந்தைய இருளில், தாமதமாகிவிட்ட ஒருவர், இன்று ஒருநாள்தானே என்று துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொள்கிறார். நுட்பம் பயன்தருவதாக மட்டுமின்றி மரபாகவும் இருக்க வேண்டும் என்று மோஸ் வலியுறுத்தியதன் பொருள் இங்கே தெளிவாகிறது. அச்சிட்ட விதி உடலின் பழக்கமாவதற்கு, அதை நாள்தோறும் செய்துகாட்டும் மூத்தவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டியிருக்கிறது.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பரண் வேட்டை ஏறக்குறைய நூலக விஷயமாகிவிட்டது. காலனியக் கால வேட்டை நினைவுக் குறிப்புகளில் காத்திருப்பு விரிவாக வரும்; புலி விரிவாக வரும். பரணைக் கட்டியவரும் துப்பாக்கியை மேலே எடுத்துக் கொடுத்தவரும் பெரும்பாலும் பெயரற்றவர்கள். சுமக்கும் நுட்பம் அவர்களிடம் இருந்தது. எழுதும் வாய்ப்போ ஏறியமர்ந்தவரிடம்.

இறக்கத்தில் வரிசை தலைகீழாகும். தோட்டாவை நீக்கு, ஆயுதத்தைக் கயிற்றில் இறக்கு, பின்பு நீ இறங்கு. குளிரில் விரல்கள் மரத்திருக்கும், ஒளி மங்கியிருக்கும், சற்றுத் தொலைவில் மான் வீழ்ந்து கிடக்கவும் கூடும். பாடம் கற்பிப்போர் இந்த நேரத்தைத்தான் அதிகம் அஞ்சுகிறார்கள்.