அக்வா வைத்திருப்பவர்களே, முதலில் சின்ன பெட்டரியைப் பாருங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தவணை விடுமுறையில் பத்து நாள் என் டொயோட்டா அக்வா முற்றத்திலேயே நின்றது. பாடசாலை தொடங்கும் நாள் காலையில் பட்டனை அழுத்தினால் 'ரெடி' விளக்கு வரவில்லை. மற்ற விளக்கெல்லாம் வெசாக் பந்தல் மாதிரி எரிந்தன.

கராஜிலிருந்து வந்தவர் ஸ்கேன் போட்டுவிட்டு, "சேர், ஹைபிரிட் பெட்டரி போய்ட்டு" என்றார். விலை இலட்சங்களில். அன்றிரவு மனைவி ஒன்றும் பேசாமல் காப்பைக் கழற்றி மேசையில் வைத்தார்.

மறுநாள் என்னிடம் படித்த தோட்டத்துப் பையன் ஒருவன் த்ரீவீலில் வந்தான். வயரிங் வேலை செய்பவன். "சேர், சின்ன பெட்டரிய யாராச்சும் அளந்து பாத்தாங்களா?"

யாரும் பார்க்கவில்லை. பின் சீட்டுக்கு அடியில் இருக்கும் 12 வோல்ட் பெட்டரியில் மீட்டரை வைத்தான். 11.3. நன்றாக இருந்தால் 12.6 அளவில் காட்ட வேண்டும். அலாரமும் கமராவும் பத்து நாளும் உறிஞ்சியிருக்கின்றன.

அக்வாவின் பெரிய பெட்டரி 144 வோல்ட், 7.2 வோல்ட் துண்டுகள் 20. ஆனால் அதைக் காரோடு இணைக்கும் ரிலேயும் கம்பியூட்டர்களும் சின்ன பெட்டரியில்தான் வேலை செய்கின்றன. அது இறங்கினால் கம்பியூட்டர்கள் இல்லாத பிழையெல்லாம் சொல்லும். சாதாரண காரில் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றும்போதே பெட்டரி பலவீனம் என்று காது சொல்லிவிடும். இதில் அந்த ஸ்டார்ட்டரே இல்லை.

அதனால்தான் த்ரீவீல் பெட்டரியே போதுமாக இருந்தது! கூட்டலுக்குக் கூட்டல் பார்த்துக் கொடுத்தான், 'ரெடி' வந்தது. (மாற்றிக் கொடுத்தால் கன்வேர்ட்டர் போய்விடும், கவனம்.) அப்போது மீட்டரில் 14.1. அதாவது சார்ஜ் ஏறுகிறது. ஏறாவிட்டால் கோளாறு கன்வேர்ட்டர் பக்கம். மறுநாள் காலை மறுபடி 11.9. ஆகவே சின்ன பெட்டரிதான் கிழடு. மாற்றினேன். அது காருக்குள்ளே இருப்பதால் வாயு வெளியேறும் குழாய் பொருந்தும் வகைதான் போட வேண்டும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபின் ஐந்து வருடமளவு புதிதாக வரவில்லை. நம் கார்கள் எல்லாம் வயதானவை, பெரிய பெட்டரியும் உண்மையிலேயே போகும். தோட்டத்து ஏற்றத்தில் திரையிலுள்ள கோடுகள் மளமளவென்று இறங்கி, அதே வேகத்தில் ஏறினால், பின்னால் விசிறி இரைந்தால், அதைச் சந்தேகிக்கலாம். பின் சீட்டுப் பக்கமுள்ள காற்றுத் துவாரத்தில் ரோட்டுத் தூசி அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஆரஞ்சு நிற வயர்களை மட்டும் தொடாதீர்கள்.

காப்பு திரும்பக் கைக்குப் போய்விட்டது, அல்ஹம்துலில்லாஹ். நானும் ஒரு மீட்டர் வாங்கியிருக்கிறேன். பலாங்கொடைப் பக்கம் யாருக்காவது அளந்து பார்க்க வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வாங்க.