99 சதவீதம் என்று சொன்னவன்

மேடை ஏறினால் எண்களைக் கூட்டிச் சொல்லுவேன். கைதட்டலுக்காகத்தான், வேறு காரணம் கிடையாது. அதில் மகா மோசம், மூளை ரேகை பற்றிய என் பேச்சு. “மூளையை ஒரு தடவை ஸ்கேன் எடுத்தால் போதும், ஆள் எங்கே ஒளிந்தாலும் 99 சதவீதம் கண்டுபிடித்துவிடலாம்” என்று நாகர்கோவில் முதல் களியக்காவிளை வரை முழங்கியிருக்கிறேன்.

தெரியாமல் சொன்னேன் என்று தப்பிக்க முடியாது. யேல் பல்கலைக்கழகத்து எமிலி ஃபின் குழுவினர் 2015இல் ‘நேச்சர் நியூரோசயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் பேசப் போனேன். அவர்கள் பார்த்தது 126 பேரை. மூளையை 268 பகுதிகளாகப் பிரித்து, எந்தப் பகுதியின் ரத்த ஓட்டம் எதனோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று ஆளுக்கொரு அட்டவணை போட்டார்கள். ஒரு நாள் எடுத்த அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னொரு நாள் எடுத்தவற்றில் அதே ஆளைத் தேடினார்கள். சும்மா படுத்திருந்தபோது எடுத்த இரண்டையும் ஒப்பிட்டால், முழு மூளைக்கு 93, 94 சதவீதம் சரியாக வந்தது. நெற்றிப்புறத்தையும் உச்சிப்புறத்தையும் சேர்க்கும் இணைப்புகளை மட்டும் எடுத்தால் 99 வரை போயிற்று. ஏதாவது வேலை கொடுத்து எடுத்த ஸ்கேன்களையும் ஒப்பிட்டபோது, ஓரிடத்தில் 54க்கு இறங்கிவிட்டது. இந்த 54ஐ நான் எந்த மேடையிலும் உச்சரித்ததில்லை. 126 பேருக்குள் தேடியது என்பதையும்தான்.

அதோடு விட்டேனா? சந்தேக நபரின் மூளை மின்னலைகளைப் பதிந்து குற்ற நினைவைக் கண்டறிவதாகச் சொல்லும் போலீஸ் சோதனை முற்றிலும் வேறு சங்கதி. அதை யார்மீதும் கட்டாயமாகச் செய்யக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் செல்வி வழக்கில் 2010இலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. தீர்ப்பை விழுங்கிவிட்டு இரண்டையும் கலந்தடிப்பேன். கூட்டம் வாய்பிளக்கும்.

விளவங்கோடு பக்கம் ஒரு நூலகக் கூட்டம். அண்டியாபீசில், அதாவது முந்திரிக்கொட்டை ஆலையில், தோடு உடைக்கிற அம்மா ஒருவர் எழுந்தார். அண்டித் தோட்டின் எண்ணெய் தோலை அரிக்கும். கையில் சாம்பல் பூசிக்கொண்டு உடைத்தாலும் நாளடைவில் விரல்நுனி கறுத்து, ரேகை தேய்ந்து வழுவழுப்பாகிவிடும்.

“சாரே, எனக்க கைரேக ரேஷன்கட மெஷின்ல பதியல்ல. நீங்க சொல்லுத மெஷினு வந்தா எனக்கு அரிசி கிட்டுமா?”

சொல்லியிருக்க வேண்டியது எனக்குத் தெரியும். அந்தக் கருவி பல டன் எடை, விலை கோடிக்கணக்கில், உள்ளே அசையாமல் படுத்துக் கிடக்க வேண்டும்; அரிசி வாங்க அது ஆகாது, கருவிழிப் பதிவு உண்டா என்று கடையில் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஒரு நிமிடம்கூட ஆகாது.

“வரும் அம்மா, சீக்கிரம் வரும். மூளை ரேகையை எந்த அண்டி எண்ணெயாலும் அழிக்க முடியாது!” என்றேன். அரங்கம் அதிர்ந்தது. அந்த அம்மாவும் தட்டினார்.

அடுத்த ஊரில் பேச்சையே அவருடைய கேள்வியிலிருந்துதான் தொடங்கினேன், என் பதிலையும் சேர்த்து.