மங்கிய படம்

தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் எமக்கும் அணுக்கதிர்களுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும், சென்ற விடுமுறையில் எம் தமக்கையாரிடம் கற்ற பாடமொன்றை ஈண்டு எழுதத் துணிந்தோம். அவர் மனம் நோகப் பேசிய குற்றம் எம்முடையதாதலின், அதனை ஒப்புக்கொள்வதும் எம் கடனாகும்.

தமக்கையார் அயல்நாட்டு ஆய்வுக்கூடமொன்றிற் பணிபுரிபவர். புற்றுநோய் மருந்து உடலில் எங்கெங்குச் சென்று தங்குகின்றது என்பதைச் சுண்டெலிகளைக்கொண்டு ஆராய்வது அவர் தொழில். ஓரிரவு உணவின்போது, "வாயற்ற உயிரை வருத்திப் பெறும் அறிவும் ஓர் அறிவோ, அக்கா?" என்று வினவினோம். அன்னையார் எம்மைக் கடிந்து நோக்கினார், தமக்கையாரோ சினந்திலர்.

"தம்பி, முன்பு ஒவ்வொரு நாளின் நிலையை அறியவும் வெவ்வேறு எலிகளைக் கொல்ல நேர்ந்தது. பெட் என்னும் படக்கருவியால் ஓர் எலியையே பலநாள் உயிருடன் வைத்துப் பார்க்க இயல்கின்றது. ஆனால், படம் மங்கினால் அவ்வெலி பட்ட துன்பமெல்லாம் வீண்" என்றார்.

பின்னர் விளக்கினார். மருந்துடன் பிணைத்த ஐசோடோப்பு, பாசிட்ரான் என்னும் நுண்துகளை உமிழும். அது சிறிது ஓடி, எலெக்ட்ரானொன்றைச் சேர்ந்து அழியும். அவ்விடத்தினின்று 511 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலுடைய இரு கதிர்கள் எதிரெதிர்த் திசையிற் பாயும். அவற்றைப் பற்றியே கருவி படம் வரைகின்றது. ஆகவே, படத்திற் காண்பது பாசிட்ரான் பிறந்த இடமன்று, அழிந்த இடமே. வழக்கமாக ஆளும் புளூரின்-18இல் இவ்விரண்டிற்கும் இடைத்தொலைவு சராசரி 0.6 மில்லிமீட்டர். ஆயின், அதன் அரைவாழ்வு 110 நிமிடமே. கட்டியிற் சென்று சேர நாட்கள் பல கொள்ளும் மருந்தினைத் தொடர அது போதாது. அதற்கு 4.2 நாள் அரைவாழ்வுடைய அயோடின்-124 உதவும். அதன் பாசிட்ரானோ சராசரி 3 மில்லிமீட்டரளவு ஓடும். மனிதவுடலில் இது சிறு பிழை. 25 கிராம் எடையுள்ள சுண்டெலியிலோ, ஓர் உறுப்பின் எல்லை கடந்து மற்றொன்றிற் புகும் தொலைவு. அன்றியும், அயோடினுடன் தோன்றும் 603 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் கதிர், 511க்கு அண்மையதாதலின், கருவியை ஏமாற்றிப் படமெங்கும் மூடுபனிபோற் பரவும்.

"முதன்முறை அம்மூடுபனியைக் கணக்கிட்டு நீக்கத் தவறினோம்; ஆறு எலிகளின் படங்கள் பயனற்றொழிந்தன" என்று கூறித் தமக்கையார் சிறிதுநேரம் வாளாவிருந்தார். இப்போது எலியைத் தொடுமுன், 2008இல் வகுத்த நேமா நெறிமுறைப்படி, எலியளவினதாகிய மாதிரிக் குப்பியொன்றைப் படமெடுத்துச் சோதிக்கின்றனராம். அதில் 1 முதல் 5 மில்லிமீட்டர் வரை ஐந்து துளைகளில் ஐசோடோப்பு நிறைந்திருக்கும். சிறு துளையின் ஒளி எவ்வளவு குன்றுகின்றது என அளப்பர். ஐசோடோப்பு இல்லாத அறைகளும் இரண்டு உண்டு. ஒன்றில் நீரும் மற்றொன்றிற் காற்றும் இருக்கும். அவை இருண்டே தோன்றல் வேண்டும். ஆங்குக் காணும் ஒளி பொய்யொளி.

இதனைக் கேட்டபோது நாணினோம். தமக்கையாரிடம் இல்லாத கொடுமையை இருப்பதாகக் கண்ட எம் பார்வையும் அத்தகையதன்றோ? புகைவண்டி நிலையத்தில் அவரை வழியனுப்புங்கால் மன்னிப்பு வேண்டினோம். அவர் நகைத்து, "உன் கேள்வி தவறன்று, தம்பி. எலிக்கூண்டைத் திறக்கும் ஒவ்வொரு காலையும் அதனையே நானும் கேட்டுக்கொள்கின்றேன், அதனாலேதான் முதலிற் குப்பியை அளக்கின்றேன்" என்றார்.