ஒரு தாள் இடைவெளி

பெரியவர் முதலில் பழைய செய்தித்தாளைத் தரையில் விரித்தார். மூலைக்கொன்றாகச் சுத்தியல், அரம், சின்ன பட்டடைக்கல், காப்பிக் கோப்பை. அதன்பிறகு என்னைப் பார்த்து மின்விசிறியை நிறுத்தும்படி கையைக் காட்டினார். தாள் பறந்துவிடும் என்பதால் சொல்கிறார் என்று நினைத்தேன். காரணம் வேறு என்று தெரியக் கால்மணி நேரம் ஆயிற்று.

என்னைக் கூட்டிவந்த நண்பர் சந்தைக்குப் போயிருந்தார். எனக்குத் தகாலோக் மொழி தெரியாது. பெரியவருக்கு ஆங்கிலம் நாலைந்து சொல்லுக்கு மேல் இல்லை. மூங்கில் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர எனக்கு வேலை இல்லை. பேரன் அவரை ‘மாமாய்’ என்று கூப்பிட்டான். மணிலாவில் தாத்தாவுக்கு ‘லோலோ’. தெற்கே இந்தப் பத்தாங்காஸ் மாகாணத்தில் மாமாய்.

ஊரின் பெயர் தாஅல். அதில் ஒரு பகுதியின் பெயரே பாலிசோங். உலகம் வண்ணத்துப்பூச்சிக் கத்தி என்று சொல்லும் மடக்குக்கத்திக்கும் அதே பெயர்தான். 1905-இல் பெர்பெக்தோ தெ லெயோன் என்பவர் இங்கே முதல் கத்தியைச் செய்தார் என்பது ஊர்க்கதை. பெயர் எப்படி வந்தது என்றால் ‘பாலிங் சுங்காய்’, அதாவது முறிந்த கொம்பு, என்று ஒரு விளக்கம் சொல்கிறார்கள். பிடிக்குக் கொம்பு பதிக்கிற வழக்கத்தைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது. ‘பெயின்டே நுவேபே’ என்றும் கேட்பார்கள்: இருபத்தொன்பது. விரித்தால் 29 சென்டிமீட்டர் இருக்குமாம்.

மாமாய் கையில் இருந்தது அந்த அளவுக்குப் பெரிதல்ல. பித்தளைப் பிடி, அதில் எருமைக்கொம்புப் பட்டைகள். ஒரு பட்டையின் ஓரம் பூச்சி அரித்தமாதிரி இருந்தது. அலகு கறுத்திருந்தது. இங்கே ஜீப்னி வண்டிகளின் கழித்துப்போட்ட ஸ்பிரிங் பட்டையிலிருந்து அலகு அடிப்பது வழக்கம். நல்ல எஃகு, ஆனால் துருப்பிடிக்காத எஃகு அல்ல. எலுமிச்சம்பழத்தை அறுத்துவிட்டுத் துடைக்க மறந்தால் மறுநாளே கறை காட்டும்.

இந்தக் கத்தியில் ஸ்பிரிங் கிடையாது. ஒரு அலகு, இரண்டு பிடி. அலகின் அடிக்காம்பில் பக்கத்துக்கொன்றாக இரண்டு துளை, துளைக்கொரு ஆணி. ஆணிகளை அச்சாக வைத்துப் பிடிகள் எதிரெதிர்த் திசையில் சுழலும். முன்பக்கம் சேர்ந்தால் அலகு இரண்டுக்கும் நடுவே அடங்கிவிடும். அரைவட்டம் சுற்றிப் பின்பக்கம் சேர்ந்தால் வெளியே நிற்கும். கடைசியில் பிடிகளைப் பூட்ட ஒரு சின்னத் தாழ். அவ்வளவுதான் இயந்திரம். ஆட்டம் கொடுத்தால் அந்த ஆணிகளில்தான் கொடுக்கும்.

இதில் ஒரு பக்கம் கொடுத்திருந்தது. ஆணியின் தலையை அரத்தால் ராவினார். பித்தளைத் தூள் செய்தித்தாளில் மஞ்சளாய் விழுந்தது. தலை மட்டமானதும் மெல்லிய இரும்புக் குச்சியை அதன்மேல் நிறுத்தி இரண்டு தட்டு. ஆணி மறுபக்கம் நழுவி வந்தது. பிடி கழன்றது. உள்ளே கறுப்பாக, கிட்டத்தட்ட மை. என்றைக்கோ யாரோ தேங்காய் எண்ணெய் விட்டிருக்க வேண்டும். எண்ணெய் விட்ட அன்றைக்கு வழவழவென்று சுழலும். நாள் போகப்போகப் பிசினாக இறுகித் தூசியைச் சேர்த்துக்கொள்ளும். மாமாய் அதை முகர்ந்து பார்த்து மூக்கைச் சுளித்தார். மண்ணெண்ணெயில் நனைத்த துணியைக் குச்சியில் சுற்றித் துளையைத் துடைத்தார். அலகின் துருவை நைசான உப்புத்தாளால் நீளவாக்கிலேயே தேய்த்தார். ஒரு முறைகூடக் குறுக்கே போகவில்லை.

பக்கத்தில் பேரன் தன் கத்தியைப் பிரித்துக்கொண்டிருந்தான். பதினாலு வயது இருக்கலாம். அவனுடையது இணையத்தில் வாங்கிய பழகுகத்தி: அலகில் கூரே இல்லை, எடை குறைக்க வரிசையாய் ஓட்டைகள். ரிவிட்டுக்குப் பதில் நட்சத்திரத் தலை திருகாணிகள். ஆணியைச் சுற்றி மயிரிழை கனத்தில் வெண்கல வாஷர்கள். கழற்றுவதற்கு முன்பே செல்போனில் படம் எடுத்துக்கொண்டான். கழற்றியதை ஒவ்வொன்றாகத் தட்டில் வரிசையாக வைத்தான். நான் பார்த்த எத்தனையோ மெக்கானிக்குகளுக்கு இல்லாத ஒழுங்கு. அப்படியும் ஒரு வாஷர் தப்பி உருண்டது. மாமாய் தலை நிமிராமலே காலை நீட்டி அதைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டார்.

திரும்பப் பூட்டும்போது முதலில் பார்க்க வேண்டியது எந்தப் பிடி எந்தப் பக்கம் என்பது. மூடும்போது கூர் எந்தப் பிடிக்குள் போகிறதோ அது கடிக்கிற பிடி. மற்றதைப் பிடித்துச் சுழற்றினால் விரலில் படுவது அலகின் முதுகுதான். பார்வைக்கு இரண்டு பிடிகளும் ஒன்றுபோல் இருக்கும்; தாழ் மட்டும் ஒன்றில் இருக்கும். மாற்றிப் பூட்டிவிட்டால் கண் கண்டுபிடிக்காது, பழகிய கை ஏமாந்துவிடும். ஒரு பிடியின் உட்புறம் ஆணியால் கீறிய கோடு இருந்தது. மாமாய் அதை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டே வைத்தார்.

அடுத்து, அதே செய்தித்தாளின் ஓரத்திலிருந்து ஒரு துண்டைக் கிழித்தார். காம்புக்கும் பிடிக்கும் நடுவே அதைச் செருகி, பித்தளைக் கம்பியிலிருந்து வெட்டிய புது ஆணியை நுழைத்து, பட்டடைக்கல்லில் சாய்த்து, தட்டத் தொடங்கினார். அடி என்று சொல்ல முடியாது. கொத்துவது போல, ஆணியின் விளிம்பைச் சுற்றிச்சுற்றி. ஆணித்தலை காளான்மாதிரி விரிந்தது. தாள்துண்டை இழுத்து உருவினார். அது விட்டுப்போன இடம்தான் பிடி சுழல்வதற்கான இடம்.

ஒரு பிடியைப் பிடித்து மற்றதைக் கீழே விட்டார். பாதியில் நின்றது. இறுக்கம். மறுபடி அரம், மறுபடி குச்சி, மறுபடி ஆணி. இந்த முறை தாளை மடித்து வைத்தார். பிடி தடையில்லாமல் விழுந்தது. அலகு கிழவன் பல்லைப்போல் ஆடியது. ‘அலா ஏ!’ என்றார். பத்தாங்காஸ்காரர்களின் இந்தச் சொல்லுக்கு அகராதி வேண்டியதில்லை. மூன்றாம் முறை ஒற்றைத் தாள்தான், ஆனால் தட்டுகிற கை இன்னும் இளகியிருந்தது. பிடி விழுந்தது. அவர் பார்வை சுவரில் இருந்தது, காது கத்தியில். மின்விசிறியை நிறுத்தச் சொன்னது இதற்குத்தான். உரசினால் சர்ர் என்கிறது. சரியாக இருந்தால் விழுந்து முட்டும்போது வருகிற ஒரே ஒரு டக். அந்த டக்கை ஏழெட்டு முறை கேட்டார்.

பாட்டி உள்ளேயிருந்து தையல் மிஷின் எண்ணெயைக் கொண்டுவந்து வைத்தாள். பூத்தையலுக்கும் பேர்போன ஊர் இது. ஆணிக்கு ஒரு சொட்டு. வழிந்ததைத் துணியில் ஒற்றினார்.

இப்போதாவது சினிமாவில் வருவதுபோல் சுழற்றிக் காட்டுவார் என்று காத்திருந்தேன். அந்தச் சுழற்றல்தான் இந்தக் கத்தியை ரவுடி ஆயுதமாக்கியது. பிரிட்டன் 1988-லேயே இதன் விற்பனைக்குத் தடை போட்டது. பிறந்த நாட்டிலும் 1978-இன் சட்டம் ஒன்று உண்டு. தொழிலுக்கு வேண்டியதாக இருந்தாலொழிய வீட்டுக்கு வெளியே கத்தி எடுத்துப் போகக்கூடாது. மாமாய்க்கு வெளியே போகிற எண்ணமும் இல்லை. சோம்பலாக ஒரு மணிக்கட்டு அசைவில் திறந்தார், சுவரோரம் இருந்த சுமான் கட்டின் நாரை அறுத்தார், வாழையிலையைப் பிரித்து என் பக்கம் தள்ளினார். தேங்காய்ப்பாலில் வெந்த ஒட்டரிசி. கத்தியைத் துடைத்துத் தாழிட்டு அலமாரியில் வைத்தார்.

பேரனும் பூட்டி முடித்திருந்தான். சுழற்றச் சுழற்றத் திருகாணி தளரும் என்பதால் மரையில் நீலப் பசை ஒரு துளி விட்டிருந்தான். முழுதாகப் பிடிக்க 24 மணி நேரம் ஆகும். கத்தியை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். செல்போனில் மணி பார்த்தான். எழுந்து போய்க் கத்தியைப் பார்த்தான். தாத்தா ஒரு முறை இருமினார். திரும்பி வந்து சுவரில் சாய்ந்துகொண்டு, வெறுங்கையின் மணிக்கட்டை மெல்லச் சுழற்ற ஆரம்பித்தான்.