மரத்தடியில் எனக்கு ஒரு பாடம்!

என் பேத்திக்கு ஏழு வயசு. வாயாடி. ஆனால் தமிழ்ப் புத்தகத்தை நீட்டினால் மட்டும், ''தாத்தா, வயித்து வலி!'' என்பாள். வகுப்பில் ஒருநாள் எழுந்து படிக்கும்போது திக்கியிருக்கிறாள். மற்ற பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அன்றைக்கு வந்த வயிற்று வலி, எந்தக் கஷாயத்துக்கும் மசியவில்லை!

''விடுப்பா, நான் பார்த்துக்கறேன்'' என்று மகனிடம் வீறாப்பாகச் சொல்லிவிட்டு, ஒரு சனிக்கிழமை அவளோடு திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறினேன். மூன்றாவது ஸ்டேஷன் கோட்டூர்புரம். இறங்கி நடந்தால் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010-ம் வருஷம், செப்டம்பர் 15-ம் தேதி, அண்ணா பிறந்த நாளன்று திறந்தது. முதல் மாடி வாண்டுகளின் ராஜ்யம். உள்ளேயே ஒரு பெரிய செயற்கை மரம்! பார்த்ததும் பேத்திக்கு வாயெல்லாம் பல்.

ஒல்லியாக ஒரு யானைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தாள். விரல் வைத்து, ''யா...னை... வந்துச்சு'' என்றாள். அச்சில் இருந்தது 'வந்தது'. சும்மா இருப்பேனா?

''வந்துச்சு இல்லைடி, வந்தது!''

புத்தகம் பட்டென்று மூடியது. ''வயித்து வலி தாத்தா...''

பக்கத்தில் மடியில் குழந்தையோடு இருந்த ஒரு அம்மா மெள்ளச் சொன்னார்: ''தப்பா நினைக்காதீங்க சார். படிச்சது புரிஞ்சதாலதானே வீட்டுல பேசற மாதிரி மாத்திச் சொல்றா? புரியலைன்னா எப்படி மாத்துவா?''

சுருக்கென்றது. 247 எழுத்தோடு முடிகிறதா குழந்தையின் கஷ்டம்? வீட்டில் ஒரு தமிழ், புத்தகத்தில் ஒரு தமிழ். நடுவில் அவளே ஒரு பாலம் கட்டியிருக்கிறாள். நான் கடப்பாரையோடு போய் நின்றிருக்கிறேன்!

''சரிடா கண்ணு, நான் படிக்கறேன். நீ சும்மா கேளு.''

வரிக்குக் கீழே விரலை ஓட்டியபடி படித்தேன். 'இது என்ன எழுத்து?' என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. யானை பிளிறிய இடத்தில் நானும் பிளிறினேன். சன்னமாகத்தான், நூலகமாச்சே! முடித்ததும், ''இன்னொரு வாட்டி தாத்தா!'' மூன்றாவது வாட்டி, என் விரல் போவதற்குள் 'வந்தது' என்று அவளே சொல்லிவிட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைக் கட்டிக்கொண்டவளுக்குத்தான் தெரியும்!

திரும்பும்போது ஜன்னலோர ஸீட். கிரீன்வேஸ் சாலை தாண்டி ரயில் நின்றது. யாரும் கேட்காமலே போர்டைப் பார்த்து முணுமுணுத்தாள். ''மந்...தை...வெளி.''

எனக்குத் தொண்டை அடைத்தது.

''மந்தைன்னா என்ன தாத்தா?''

''ஆடு, மாடு கூட்டம்டா கண்ணு.''

ஜன்னல் வழியே எட்டி எட்டிப் பார்த்தாள். பிறகு என்னை ஒரு முறை முறைத்தாள்.

''ஒரு ஆட்டைக்கூடக் காணோமே... போர்டுல தப்பா எழுதியிருக்காங்களா?''