உப்பளத்துக் களிம்பு

தூத்துக்குடிக்குத் தெற்கே முள்ளக்காட்டு உப்பளங்களில், விடியுமுன்னரே பாத்தியில் இறங்கி, வெயில் முற்றுமுன் உப்பை வாரிக் கரையேற்றும் தொழிலாளரின் பாதங்களைக் கண்டவர் எவரும், மேனியில் பூசும் களிம்பை அலங்கார வஸ்துவென்று எண்ணத் துணியமாட்டார். முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு ஓய்ந்துவிட்ட இக்கரையில் உப்பு இன்றும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. செறிந்த உப்புநீரோ அவர்கள் தோலின் ஈரத்தை உறிஞ்சி, குதிகாலைப் பிளந்து, பிளவுக்குள் பரலாகப் புகுந்து எரிகிறது.

அப்பாதங்களுக்காகக் குங்கிலிய வெண்ணெய் செய்துவரும் முதிய சித்த வைத்தியர் ஒருவரின் வீட்டு முற்றத்தில், அந்த வேலையை அருகிருந்து காணும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. பொடித்துச் சலித்த குங்கிலியத்தை நல்லெண்ணெயில் இளந்தீயில் கரைத்து, துணியில் வடிகட்டி, அகன்ற பாத்திரத்து நீரில் அவர் ஊற்ற, அவருடைய மருமகள் உள்ளங்கையால் தேய்த்துப் பிசைந்தும், கலங்கிய நீரை வடித்துப் புதுநீர் வார்த்தும், சலிக்காமல் உழைத்தார். பழுப்பு நிறம் மெல்ல வெளுத்தது. ஓடும் தன்மையுள்ள இரண்டு பொருள்கள் கூடி, ஓடாமல் நிற்கும் மூன்றாவது பொருளாகத் திரள்வதை எத்தனை நேரம் பார்த்தாலும் வியப்பு அடங்கவில்லை. எண்ணெய்க்குள் சிறைப்பட்ட நீரின் நுண்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் வெண்மை வருகிறது. அத்துளிகள் ஒன்றையொன்று நெருக்கி நகரவிடாமல் தடுப்பதால் இறுக்கம் வருகிறது.

நீரும் எண்ணெயும் மெல்லத் தள்ளினாலும் விரைந்து தள்ளினாலும் பாகுத்தன்மை மாறாதவை. களிம்பின் சுபாவம் அப்படியன்று. ஓர் எல்லை வரை விசைக்கு அசையாது. எல்லையைக் கடந்ததும் இளகும். விரைந்து தேய்க்கத் தேய்க்க இன்னும் இளகும். கையை எடுத்தால் மறுபடி இறுகும். 1916-இல் களிமண் குழம்பை ஆராய்ந்த அமெரிக்க ரசாயன அறிஞர் யூஜின் பிங்காம் இத்தகைய எல்லையைக் கணிதத்தில் வகுத்தார். இந்த அம்மையாரோ விரல் நுனியால் களிம்பைத் தொட்டுத் தூக்கி, எழும்பிய முனை சாயாமல் நிற்கிறதா என்று பார்த்து, பிறகு மணிக்கட்டில் தேய்த்து அது தடையின்றிப் பரவுகிறதா என்று உணர்ந்து, அதே சூட்சுமத்தை நிச்சயித்துக்கொள்கிறார்.

ஸ்பரிச சுகம் வசதியுள்ளோரின் விருப்பமென்று கருதுவோர் உண்டு. நான் அதை ஏற்கமாட்டேன். களிம்பு வாங்க வந்த உப்பளத் தொழிலாளி ஒருவர் காரணத்தை எனக்கு விளக்கினார்: “பிசுபிசுன்னு இருந்தா மண்ணும் உப்பும் அதிலேயே அப்பிக்கிடும் அண்ணாச்சி. பெறகு எவ தடவுவா?” தடவாத மருந்தால் என்ன பிரயோஜனம்?

கத்திரி வெயிலில் களிம்பு இளகி வழிந்துவிடும் என்பதால், கோடையில் சிறிது தேன்மெழுகு சேர்க்கிறார் வைத்தியர். அளவு மிஞ்சினால் பரவ மறுத்து, வெடிப்பின் ஓரங்களைப் பிடித்து இழுத்து நோகச்செய்யும். அன்றும் அந்தத் தொழிலாளி, திறந்த டப்பாவிலிருந்து கொஞ்சம் எடுத்துக் குதிகாலில் தடவிப் பார்த்து, “இழுக்குதே, தாயி” என்று திருப்பிக் கொடுக்க, மருமகள் ஒரு வார்த்தையும் மறுத்துப் பேசாமல், இளஞ்சூட்டு நல்லெண்ணெய் சேர்த்து மறுபடி பிசையத் தொடங்கினார்.